சாட்சிச் சுவர்

கருங்கல்மேடு,
உத்திரமேரூர் வழி.
11.11.2024

அன்பு மகள் பத்மஜாவுக்கு,

நானும் உன் அம்மா பவளமும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளை கலைச்செல்வனும் செங்கல்பட்டுக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததை முனியன் பெண்டாட்டி சொல்லித் தெரிந்துகொண்டேன். பெற்றவனுக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

வளைகாப்பு முடிந்ததும் ஏழாம் மாசத்துப் பெண்ணை முறையாக அழைத்து வந்தேன். தெருவே பார்த்தது. இரண்டு ராத்திரி தங்கினாய். மூன்றாம் நாள் காலையில் மாப்பிள்ளை கார் எடுத்துக்கொண்டு வந்து, நீ உட்கார்ந்த பாய்கூடச் சுருட்டாத நேரத்தில் உன்னைத் திரும்ப அழைத்துப் போய்விட்டார். வாசலில் நின்று அவர் சொன்ன வார்த்தையை நான் மறக்கவில்லை. "மாமா, அந்த ரூம்ல இன்னும் ஒரு நாள் படுத்தா இவளுக்கு மூச்சு நின்னுடும்." பக்கத்து வீட்டு முனியன் அப்போது பல் விளக்கிக்கொண்டிருந்தான். முனியன் காதில் விழுந்தால் ஊர் காதில் விழுந்த மாதிரி.

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவன் வீட்டில் என்பது நான் உண்டாக்கிய வழக்கம் இல்லை. உன் அம்மாவுக்கும் அப்படித்தான் நடந்தது. உனக்குக் கட்டிய தொட்டில் கட்டையை எடுத்துத் துடைத்து அலமாரி மேல் வைத்திருக்கிறேன்.

சுவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் கல்யாணத்துக்குப் பிறகு தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில் போட வேண்டும் என்பது விதி. அந்தக் காண்ட்ராக்டர் சுரண்டவில்லை. பழையது மேலேயே கொட்டி உயர்த்திவிட்டுப் போய்விட்டான். நான் என் கையால் கட்டிய வீட்டுக்கு ஏறிப்போக மூன்று படி இருந்தது. இப்போது ரோட்டிலிருந்து வீட்டுக்கு இறங்கி வர வேண்டியிருக்கிறது. ஊர் பெயரில்தான் மேடு. மழை பெய்தால் ரோட்டுத் தண்ணீர் முழுக்கக் கிழக்குச் சுவரோரம் தேங்குகிறது. அதனால் படுக்கையறைச் சுவர் ஓதம் ஏறிக் கறுத்துப்போயிருக்கிறது. மனு கொடுத்திருக்கிறேன். ஆபீசர் வந்து கண்ணால் பார்க்கும் வரை அந்தச் சுவர் இருக்கிறபடியே இருக்க வேண்டும். நம் பக்கத்துக்கு அதுதான் சாட்சி.

நீ திரும்ப வர வேண்டும். பதிலை எழுத்தில் அனுப்பு. போனில் நீ அழுகிறாய், நான் சத்தம் போடுகிறேன், யார் என்ன சொன்னோம் என்பது மறுநாள் யாருக்கும் நினைவில்லை. எழுத்து என்றால் தேதி இருக்கும், கையெழுத்து இருக்கும்.

இப்படிக்கு,
மு. முத்துகிருஷ்ணன்


செங்கல்பட்டு
18.11.2024

அன்புள்ள நைனாவுக்கு,

நீங்கள் கேட்டபடி தேதி போட்டுவிட்டேன். ஒரு பஸ் ஏறினால் வந்துவிடுகிற தூரத்துக்குத் தபால் எழுதுகிறேன் என்று கலை சிரிக்கிறார். சிரிக்கட்டும். எனக்கும் போனில் சொல்ல முடியாதது இருக்கிறது.

வளைகாப்பு அன்று ராத்திரி அந்த அறையில் படுத்தேன். விளக்கை அணைத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் யாரோ முழங்காலை வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. எழுந்து உட்கார்ந்து, சுவரில் சாயலாம் என்று கையை வைத்தேன். கை ஈரமாகி, விரலெல்லாம் கறுப்புத் தூள். மழையில் நனைந்த கோணிப்பை நாற்றம். அலமாரி மேல் இருந்த தொட்டில் கட்டையையும் பார்த்தேன் நைனா. நீங்கள் துடைத்துத்தான் வைத்திருப்பீர்கள். அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூசணம் ரோமம் மாதிரி நின்றது.

சின்ன வயதில் எனக்கு இளைப்பு வந்தால் நீங்கள் என்னை சைக்கிளில் முன்னால் உட்கார வைத்து உத்திரமேரூர் டாக்டரிடம் ஓட்டிக்கொண்டு போவீர்கள். ஏரிக்கரைக் காற்று முகத்தில் படும்போதே பாதி சரியாகிவிடும். அந்த இளைப்புதான் திரும்ப வந்திருக்கிறது. இப்போது நான் ஒருத்தி இல்லை. எனக்கு மூச்சு குறைந்தால் வயிற்றில் இருப்பதற்கும் குறையும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கலை பேசிய விதம் தப்பாக இருக்கலாம். பயத்தில் பேசினார்.

எனக்கும் உங்கள் வீட்டில் பெற்றுக்கொள்ளத்தான் ஆசை. சுவரோரம் தண்ணீர் நிற்காமல் செய்யுங்கள். கறுத்த பூச்சைச் சுரண்டி எடுங்கள். அறை காயட்டும். நான் வந்துவிடுகிறேன்.

இன்னொன்று. அம்மா இருமிக்கொண்டே இருந்தாள். எப்போதிலிருந்து? நீங்கள் வாசல் கூடத்தில் காற்றில் படுக்கிறீர்கள். அவள்தான் அந்த அறையில் படுக்கிறாள்.

உங்கள்
பத்மா


கருங்கல்மேடு
26.11.2024

அன்பு மகள் பத்மஜாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் எழுத்து அழகாகத்தான் இருக்கிறது. விஷயம்தான் சரியில்லை.

சுரண்டு என்று சுலபமாக எழுதிவிட்டாய். நான் எட்டாவதோடு நின்றவன். ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து படித்துப் படித்து இந்த ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன். தெருவிளக்கு வந்தது யாரால்? ரேஷன் கடைக்குத் தனிக் கட்டடம் வந்தது யாரால்? அதற்கு எத்தனை வருஷம் நடந்தேன் என்று உனக்குத் தெரியும். மனு கொடுத்தவன் பொறுமையாக இருக்க வேண்டும். அவர்கள் வருகிற நேரத்தில் குறை கண்ணெதிரே இருக்க வேண்டும். நானே சுவரைச் சுத்தம் செய்து வைத்தால், "எங்கேய்யா ஓதம்? சுவர் நல்லாத்தானே இருக்குது?" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். செய்தவன் தப்பைச் செய்தவன்தான் சரிசெய்ய வேண்டும்.

இதற்காகவே கறுப்பு பரவிய ஓரத்தைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி வருகிறேன். போன வாரத்துக் கோட்டைத் தாண்டி இந்த வாரம் எவ்வளவு ஏறியது என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

நான் கழனிக்குப் போயிருந்த நேரத்தில் உன் அம்மா வேப்பிலை ஊறிய தண்ணீரில் துணியை நனைத்து ஒரு முழம் அகலத்துக்குத் துடைத்துவிட்டாள். கோடும் போயிற்று, தேதியும் போயிற்று. கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். அன்றிலிருந்து அவள் சுவரில் கை வைப்பதில்லை.

முனியன் கொத்தனார் வேலை தெரிந்தவன். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, சுவரோரம் ஒரு சின்னக் கால்வாய் எடுத்து பைப் வைத்தால் அரை நாள் வேலை என்றான். நான் நியாயத்தைச் சொன்னேன். "அண்ணே, தண்ணிய வெளிய வுடறதுக்கு நியாயம் இன்னாத்துக்கு? பள்ளம் எங்க கீதோ அங்க போவும்" என்று சிரித்தான். அவனுக்கு என்ன, அவன் வீடு மேட்டில் இருக்கிறது.

உன் அம்மா இருமலுக்கு மிளகாய் வறுத்ததுதான் காரணம். தாளிக்கும்போது இருமாத பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?

இந்த வீட்டில்தான் நானும் இருக்கிறேன். எனக்கு ஒன்றும் இல்லை. டாக்டர் ஆயிரம் சொல்வார். கார்த்திகை முடிவதற்குள் வந்து சேர்.

இப்படிக்கு,
மு. முத்துகிருஷ்ணன்


செங்கல்பட்டு
5.12.2024

அன்புள்ள நைனாவுக்கு,

புயல் மழைக்கு நீங்கள் இருவரும் எப்படி இருந்தீர்களோ என்று இங்கே தூங்கவில்லை. உங்கள் போனுக்கு அடித்தால் எடுக்க மாட்டீர்கள் என்று முனியன் மாமா வீட்டுக்கு அடித்து அம்மாவோடு பேசினேன். நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொன்னாள். அந்த ஒரு வாக்கியத்தை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னாள். நடுவில் மூச்சு எடுத்துக்கொண்டாள். வேலிவரை நடந்து வந்ததற்கே அப்படி.

இது மிளகாய் இல்லை நைனா. எனக்குப் பார்க்கிற டாக்டரிடம் விவரமாகக் கேட்டேன். ஈரம் இருக்கிற இடத்தில் பூஞ்சை முளைக்கும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத பொடி பறந்துகொண்டே இருக்கும். சிலர் உடம்பு தாங்கும், சிலர் உடம்பு தாங்காது. என் உடம்பு தாங்காது. எனக்கு அது அம்மாவிடமிருந்து வந்திருக்கலாம் என்கிறார். தாங்குகிறவர் ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்பதால் தாங்காதவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது.

சுரண்டுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் தண்ணீர் வரும் வழியை அடைக்க வேண்டும். அம்மா அன்றைக்கு வீட்டில் இருக்கக் கூடாது. சுவரை நனைத்துக்கொண்டு சுரண்டினால்தான் பொடி பறக்காது. மூக்கையும் வாயையும் கட்டிக்கொள்ள வேண்டும். பஞ்சு மெத்தையைக் கழுவிப் பயன் இல்லை, தூக்கிப் போட வேண்டும். செங்கல் நன்றாகக் காயும்வரை மேலே பூசவும் கூடாது, பெயிண்ட் அடிக்கவும் கூடாது. அடித்தால் உள்ளேயிருந்து திரும்ப வரும்.

சாட்சி வேண்டுமென்றால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்களேன். கோடு போட்டுத் தேதி எழுதி, ஊரிலே யாரும் பயிர் வைக்காததை நீங்கள் சுவரில் வளர்க்கிறீர்கள்.

அந்தச் சுவரைச் சுரண்டும்வரை நான் வரப்போவதில்லை. எழுத்தில் கேட்டீர்கள். எழுத்திலேயே சொல்லிவிட்டேன்.

பத்மா


கருங்கல்மேடு
14.12.2024

பத்மஜாவுக்கு,

பயிர் வளர்க்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். படிக்க வைத்ததற்கு இது போதும்.

போட்டோவை ஆபீசில் யாரும் மதிப்பதில்லை. இந்தக் காலத்தில் எதை வேண்டுமானாலும் போட்டோவில் உண்டாக்கலாம் என்று முகத்துக்கு நேராகச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். நேரில் பார்த்து எழுதினால்தான் செல்லும்.

புயலில் ரோட்டுத் தண்ணீர் கிழக்குச் சுவரோரம் நிரம்பி, பிறகு வாசற்படி வழியாக உள்ளேயே வந்துவிட்டது. கறுப்பு இப்போது ஜன்னலுக்கு மேலே ஏறிவிட்டது. அலமாரியின் பின்பலகையிலும் வந்திருக்கிறது. நம் பக்கத்துச் சாட்சி பலமாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும். சாரலில் சாக்பீஸ் கோடுகள் கரைந்துவிடாமல் இருக்க ஜன்னலை ஒரு பழைய பேனரால் அடைத்திருக்கிறேன். நல்ல சேதி ஒன்று. அலுவலகத்திலிருந்து கடிதம் வந்துவிட்டது. தை மாசம், ஜனவரி இருபத்தொன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, இடத்தைப் பார்வையிட வருகிறார்கள். மனுதாரர் நேரில் இருக்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. வருஷக்கணக்காக நடந்தவனுக்கு இன்னும் ஒரு மாசம் பெரிதில்லை.

உன் அம்மாவை உத்திரமேரூர் அழைத்துப் போய் ஊசி போட்டு மருந்து வாங்கி வந்தேன். நான் கவனிக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஓரிரு நாள் நன்றாக இருந்தாள். இப்போது படுத்தால் மூச்சு வாங்குகிறது என்று அரிசி டிரம்மில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குகிறாள். கூடத்தில் வந்து படு என்றேன். பாதித் தெரு எட்டிப் பார்க்கிற இடத்தில் படுக்க மாட்டேன் என்கிறாள். அவள் பிடிவாதம் உனக்குத் தெரியும்.

இங்கே பிடிவாதக்காரன் நான் ஒருவன் என்று எல்லோரும் பேசுகிறீர்கள்.

மு. முத்துகிருஷ்ணன்


செங்கல்பட்டு
18.12.2024

நைனாவுக்கு,

உட்கார்ந்தபடியே தூங்குகிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா?

ஞாயிற்றுக்கிழமை கலை வருகிறார். அம்மாவை அவரோடு அனுப்பி வையுங்கள். நான் இப்போது யார் வீட்டில் பெற்றுக்கொள்வது என்பதைப் பற்றிப் பேசவில்லை. அம்மாவைப் பற்றிப் பேசுகிறேன். நீங்களும் வந்தால் சந்தோஷம். வரமாட்டீர்கள் என்பதும் தெரியும்.

அன்று வாசலில் சத்தம் போடாதீர்கள். என்னால் இப்போது எதையும் தாங்க முடியவில்லை.

பத்மா


கருங்கல்மேடு
24.12.2024

பத்மஜாவுக்கு,

சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருந்தாய். போடவில்லை. மாப்பிள்ளைக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். பாதி குடித்தார்.

உன் அம்மா முன்பே துணி எடுத்து வைத்திருந்தாள். எனக்குத் தெரியாது. ஒரு கட்டைப்பை. போகாதே என்று நான் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டேன். இருபத்தொன்றாம் தேதி ஆபீசர் வரும்போது வீட்டுக்காரி இல்லையென்றால் நன்றாக இருக்குமா என்று கேட்டேன்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மூச்சு வரும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்:

"செவுத்துக்கு சாக்பீஸ்ல கோடு போட்டுக்கினு கீற. எனக்கு மூச்சு வாங்குதே, அத்த எங்கய்யா கோடு போடுவ?"

கல்யாணமான நாளிலிருந்து என்னை எதிர்த்து அவள் பேசியது கிடையாது. மாப்பிள்ளை எதிரில் பேசினாள். முனியன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தான். பிறகு கார் கதவைத் திறந்து அவளே ஏறிக்கொண்டாள்.

பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதைத்தான் இந்தத் தெரு பார்த்திருக்கிறது. தாய் கிளம்பிப் பெண் வீட்டுக்குப் போனதை இப்போதுதான் பார்த்தது. டீக்கடையில் என்னைக் கண்டதும் பேச்சை மாற்றுகிறார்கள். பரவாயில்லை. நான் செய்யாத தப்புக்கு நான் தலை குனிய மாட்டேன். ரோட்டை உயர்த்தினவன் நானில்லை.

அவளுடைய மாத்திரை ஒரு அட்டை ஜன்னல் விளிம்பில் விட்டுப்போயிருக்கிறாள். தேவையென்றால் எழுது, அனுப்புகிறேன்.

மு. முத்துகிருஷ்ணன்


செங்கல்பட்டு
6.1.2025

அன்புள்ள நைனாவுக்கு,

அம்மாவை நுரையீரல் டாக்டரிடம் காட்டினோம். எக்ஸ்ரே எடுத்து, ஒரு குழாயில் ஊதச் சொன்னார்கள். அவளால் பாதிகூட ஊத முடியவில்லை. டாக்டர் என்னைப் பார்த்து, "வீட்டில் ஓதம் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். அம்மாதான் சொன்னாள். உங்களைக் குற்றம் சொல்லாமல் சொன்னாள். "ரோட்டுத் தண்ணி நிக்குது டாக்டர், அவரும் மனு போட்டுக்கினுதான் கீறாரு" என்றாள்.

ஆஸ்துமா என்று சொல்லி இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். மருந்து பாதி வேலைதான் செய்யும், அந்த அறைக்குத் திரும்பப் போகாமல் இருப்பதுதான் மீதி என்றார். இன்னும் கொஞ்ச காலம் அங்கேயே இருந்திருந்தால் நுரையீரல் திரும்பச் சரிசெய்ய முடியாத அளவுக்குப் போயிருக்கும் என்றார். முதல் வாரம் மாடிப்படியில் இரண்டு முறை நின்று நின்றுதான் ஏறினாள். இப்போது ஒரு முறை நிற்கிறாள். ராத்திரி படுத்துத் தூங்குகிறாள். நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

பொங்கலுக்கு வாருங்கள். எனக்கு நாள் நெருங்குகிறது. அம்மாவிடம், நைனாவுக்கு என்ன எழுத என்று கேட்டேன். மோரில் உப்பு குறைத்துக்கொள்ளச் சொல் என்றாள். எப்போது ஊருக்குப் போவாய் என்று கேட்டேன். "செவுத்த கேட்டுட்டு சொல்றேன்" என்றாள்.

உங்கள்
பத்மா


கருங்கல்மேடு
12.1.2025

அன்பு மகள் பத்மஜாவுக்கு,

பொங்கல் சீர் முனியனிடம் கொடுத்தனுப்புகிறேன். புது அரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, உனக்கும் மாப்பிள்ளைக்கும் துணி. அரிசி முனியன் வீட்டில்தான் வைத்திருந்தது, என் வீட்டில் இல்லை. பயப்படாமல் சாப்பிடலாம்.

நான் வருவதற்கில்லை. இருபத்தொன்றாம் தேதி ஆபீசர் வருகிறார். சில நேரம் சொன்ன நாளுக்கு முன்பே வந்துவிடுவார்கள். வீடு பூட்டியிருந்தால் மனுவை முடித்து வைத்துவிடுவார்கள். அப்புறம் மறுபடி முதலிலிருந்து. எனக்கு வயது அறுபத்தெட்டு. இன்னொரு தடவை முதலிலிருந்து நடக்கக் கால் இல்லை.

அந்த அறையில் படுத்தால் ஆளுக்கு ஆபத்து என்று டாக்டர் வரைக்கும் சொல்லிவிட்டீர்கள் அல்லவா? உன் அம்மா போன நாளிலிருந்து அவள் கட்டிலில், அந்தச் சுவரோரத்தில்தான் நான் படுக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காலையில் எழுந்தால் கொஞ்சம் தும்மல், மூக்கில் நீர். அது பனி. மார்கழியில் யாருக்குத்தான் இல்லை.

ஒன்று மட்டும் எழுதுகிறேன். அந்தக் கட்டிலில் படுத்தால் முகத்துக்கு நேராக அந்தக் கறுப்புதான் தெரிகிறது. வேறு பக்கம் திரும்பிப் படுக்க இடமில்லை. அவள் இத்தனை நாளும் இதைச் சொன்னதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். அவளையும் பார்த்துக்கொள்ளச் சொல்.

இப்படிக்கு,
மு. முத்துகிருஷ்ணன்


செங்கல்பட்டு
25.1.2025

நைனாவுக்கு,

இருபத்தொன்றாம் தேதி மதியம் பெண் குழந்தை பிறந்தது. நானும் குழந்தையும் நன்றாக இருக்கிறோம்.

வலி எடுத்ததும் விடியற்காலையிலேயே கலை உங்களுக்குப் போன் செய்தார். "சரி" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லி வைத்துவிட்டீர்கள். அன்றைக்கு என்ன தேதி என்று எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அம்மா வார்டு வாசலுக்கும் ஜன்னலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். கீழே யாராவது வெள்ளை வேட்டி கட்டியவர் போனால் எட்டிப் பார்த்தாள். என் மாமியார், "சம்பந்தி வரலியா?" என்று கேட்டபோது, ஊரில் முக்கியமான வேலை என்று சொன்னாள்.

ஆபீசர் வந்து சுவரைப் பார்த்திருப்பார். நீங்கள் நினைத்தது நடந்திருக்கும் என்று நம்புகிறேன்.

நான் இனி எழுதப்போவதில்லை நைனா. கோபத்தில் சொல்லவில்லை. குழந்தை தூங்கும்போதுதான் நானும் தூங்க முடிகிறது.

பத்மா


கருங்கல்மேடு
23.2.2025

அன்பு மகள் பத்மாவுக்கு,

நீ எழுதப்போவதில்லை என்று எழுதியதைப் படித்தேன். அதற்குப் பதில் எழுதுவது சரியா என்று தெரியாமல் இத்தனை நாள் இருந்தேன். சொல்ல வேண்டிய சேதிகள் சேர்ந்துவிட்டன. அதனால் எழுதுகிறேன்.

என் மனுவை முடித்து வைத்துவிட்டார்கள். "பார்வையிடச் சென்றபோது வீடு பூட்டியிருந்தது. மனுதாரர் இல்லை." கதவு இடுக்கில் காகிதம் செருகியிருந்தது. முனியன் ஓடிவந்து, ரோட்டிலிருந்தே பாருங்கள் சார், ஜன்னல் வழியாகப் பாருங்கள் சார் என்று கெஞ்சினானாம். ஜன்னலை நான் பேனரால் அடைத்திருந்தேன். ஜீப்பிலிருந்து இறங்கினவர் ரோட்டை ஒரு தடவை காலால் தட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டாராம்.

அன்று நான் செங்கல்பட்டில் இருந்தேன்.

மாப்பிள்ளை போனில் தகவல் சொன்னார். வாருங்கள் என்று சொல்லவில்லை. அழைக்காத இடத்துக்கு நான் போகிறவனில்லை. ஆனால் ஆஸ்பத்திரி எல்லோருக்கும் பொதுவான இடம். அங்கே நிற்பதற்கு யார் அழைப்பும் தேவையில்லை. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, மாடிப்படிக்கு எதிரில் மருந்து வாங்குகிறவர்கள் வரிசையை ஒட்டி நின்றேன். வரிசையில் நிற்கிறேன் என்று நினைத்து ஒருவர் என்னைத் திட்டவும் செய்தார்.

வெயில் ஏறின நேரத்தில் உன் அம்மா கீழே இறங்கி வந்தாள். பிளாஸ்கில் வெந்நீர் பிடித்துக்கொண்டாள். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் துணிப்பை. திரும்ப மேலே ஏறும்போது கைப்பிடியைத் தொடவில்லை. நடுத் திருப்பத்தில் நிற்பாள் என்று பார்த்தேன். நிற்கவில்லை. மேலே ஒரு நர்ஸ் எதையோ கேட்க, ஏறிக்கொண்டே பதில் சொன்னாள். முழு வாக்கியமாகச் சொன்னாள்.

நான் கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பாள். கூப்பிடவில்லை.

மதியத்துக்கு மேல் உன் மாமியார் மாடி வராந்தாவில் ஒரு பச்சைத் துணிச் சுருளை வைத்துக்கொண்டு நின்றார். முகம் தெரியவில்லை. ஒரு கால் மட்டும் துணிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் காலையில் முனியனைக் கூப்பிட்டேன். சுவரோரம் என் இடத்துக்குள்ளேயே கால்வாய் எடுத்து, பைப் வைத்து, தண்ணீரைக் கழனி வாய்க்காலுக்குத் திருப்பினோம். ரோட்டை நான் தொடவில்லை. "இத்த மின்னாடியே செஞ்சிருக்கலாம்ணே" என்றான். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன். பிறகு நீ டிசம்பரில் எழுதிய கடிதத்தை எடுத்து அலமாரிக் கதவில் ஒட்டி வைத்து, அதில் சொன்ன முறைப்படியே செய்தேன். கொரோனா காலத்து மாஸ்க் இருந்தது. சுவரை நனைத்து நனைத்து, தரையிலிருந்து ஜன்னலுக்கு மேல் ஒரு முழம்வரை பூச்சைக் கொத்தி எடுத்தோம். கோடுகள், தேதிகள் எல்லாம் கட்டி கட்டியாக விழுந்தன. அலமாரியை நகர்த்தினால் அதன் பின்னால் வெளியே தெரிந்ததைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. அங்கே நான் கோடே போட்டிருக்கவில்லை. மெத்தையை வெளியே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். பேனரைக் கழற்றிவிட்டேன். இப்போது அந்த அறையில் காலை வெயில் செங்கல் மேல் விழுகிறது. சித்திரை வெயில் முடியும்வரை பூசப்போவதில்லை.

நான் தோற்றுவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். ரோட்டை உயர்த்தியது தப்புதான். இன்றைக்கும் தப்பு, நாளைக்கும் தப்பு. புது மனு எழுதி ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பிவிட்டேன். சுரண்டுவதற்கு முன்னால் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுத்து இணைத்திருக்கிறேன். மதிக்கிறார்களா இல்லையா என்று பார்க்கிறேன். சுவர் பற்றி அவர்கள் கேட்டால், அது என் வீட்டுச் சுவர், அதற்கு அவசரம் இருந்தது என்று சொல்வேன்.

உன் அம்மாவை வரச்சொல்லி நான் எழுத மாட்டேன். சுவரைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாளாம். செங்கல் காயட்டும். வந்து பார்த்து, அவளே மோந்து பார்த்துச் சொல்லட்டும். பிடிக்காவிட்டால் திரும்பிப் போகட்டும். பஸ் இருக்கிறது.

தொட்டில் கட்டையை எரித்துவிடலாம் என்று முனியன் சொன்னான். நான் கொடுக்கவில்லை. நல்ல வேம்பு. பூசணம் மேலேதான் இருந்தது, உள்ளே போகவில்லை. இழைப்புளி போட்டு நான்கு பக்கமும் இழைத்தேன். கறை இல்லாத மரம் வருகிறவரை இழைத்ததில் பாதி கனம் குறைந்துவிட்டது. ஒரு வாரம் வெயிலில் வைத்தேன். தினமும் மோந்து பார்க்கிறேன். மர வாசனைதான் வருகிறது. ஒரு குழந்தையைத் தாங்கும்.

பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பலாம் என்று உத்திரமேரூர்வரை எடுத்துப் போனேன். கொடுக்க மனம் வரவில்லை. திரும்ப எடுத்து வந்துவிட்டேன். உங்கள் வாடகை வீட்டில் கொக்கி இருக்கிறதா, அது எவ்வளவு கனம் தாங்கும் என்பதெல்லாம் பார்த்துத்தான் கட்ட வேண்டும். அது மாப்பிள்ளைக்குத் தெரியாது.

இந்தக் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வேண்டாம். போன் செய். வா என்று சொன்னால் போதும். மணி அடித்ததும் எடுக்கிறேன்.

நைனா